பிட்ஸ்பர்க்கில் மலிவாகக் குடியிருக்க: சரிவு, குழாய், எல்லைக்கோடு

1950-இல் பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் 6,76,806 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 3,02,971 பேர். எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஹோம்ஸ்டெட் ஆலை 1986-இல் நின்றது, ஹேசல்வுட் கோக் ஆலை 1998-இல். வேலை போன இடத்தைத் தேடி ஆட்கள் போனார்கள். அவர்களுக்காகக் கட்டிய வீடுகளும் தெருக்களும் சாக்கடைகளும் அப்படியே நின்றுவிட்டன. இங்கே வீடு மலிவாக இருப்பதற்கு மூல காரணம் அதுதான். நியூ ஜெர்சியிலிருந்தோ சான் பிரான்சிஸ்கோ பக்கமிருந்தோ வருகிறவர்கள் விலையைப் பார்த்ததும் அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 1900-க்கும் 1940-க்கும் இடையில் ஆலைத் தொழிலாளிக்காகக் கட்டிய செங்கல் வீடு. சரிவில் நிற்கும், பழைய குழாயில் இணைந்திருக்கும், ஏதோ ஓர் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கும். மாதா மாதம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை வாடகையைவிட இந்த மூன்றும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன.

முதலில் எல்லைக்கோடு. பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகெனி கவுன்ட்டிக்குள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 130 உள்ளாட்சிகள், 43 பள்ளி மாவட்டங்கள். முகவரியில் 'பிட்ஸ்பர்க்' என்று எழுதியிருந்தால் வீடு பிட்ஸ்பர்க் நகரத்துக்குள் இருக்கிறது என்று பொருளில்லை. டோர்மான்ட், ஸ்காட், கிரீன் ட்ரீ எல்லாவற்றுக்கும் தபால் முகவரி பிட்ஸ்பர்க்தான். மூன்றுமே தனி உள்ளாட்சிகள். கவுன்ட்டியின் சொத்து விவர இணையதளத்தில் முகவரியைப் போட்டால் உள்ளாட்சி, பள்ளி மாவட்டம், வரி மதிப்பு, பழைய விற்பனை விலைகள் எல்லாம் இலவசமாக வந்துவிடும். வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், நகரத்துக்குள் குடியிருப்பவரின் சம்பளத்தில் உள்ளூர் வருமான வரி 3 விழுக்காடு: நகரத்துக்கு 1, பள்ளி மாவட்டத்துக்கு 2. எல்லைக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் மொத்தமே 1 விழுக்காடு. சில ஊர்களில் கொஞ்சம் கூட. ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பளக்காரருக்கு நகரத்துக்குள் 2,400, வெளியே 800. வித்தியாசம் 1,600 டாலர், மாதத்துக்கு 133. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இருவர் சம்பளத்துக்கும் இதே கணக்கு. நகரத்துக்குள் இருக்கும் பீச்வியூவிலும் பக்கத்து டோர்மான்ட்டிலும் ஒரே வாடகைக்கு ஒரே மாதிரி இரண்டு வீடு கிடைத்தால், வாடகைக்கு இருப்பவருக்கு டோர்மான்ட்தான் லாபம். இரண்டு இடத்துக்கும் ஒரே ரயில்தான்.

வீடு வாங்குகிறவருக்குக் கணக்கு அவ்வளவு நேராக வராது. நகரத்துக்கு வெளியே பல பரோக்களில் (சிறு நகராட்சிகளில்) சொத்து வரி விகிதம் நகரத்தைவிட உயரம். சம்பளம் பெரிது, வீடு சிறிது என்றால் வெளியே போவது லாபம். சம்பளம் நின்றுபோனவர்களுக்கு நகரமே மேல், ஏனென்றால் இந்த உள்ளூர் வரி உழைப்பு வருமானத்துக்கு மட்டும்தான். ஓய்வூதியத்தைத் தொடாது. பிள்ளைகளோடு வந்து தங்கும் பெற்றோர் பெயரில் வீடு வாங்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வேலையில் சேரும்போது வசிப்பிடச் சான்றுப் படிவம் ஒன்று தருவார்கள். அதில் உங்கள் உள்ளாட்சியைக் குறிக்கும் ஆறு இலக்க பிஎஸ்டி எண் கேட்கும். தபால் முகவரியை நம்பி நகரத்தின் எண்ணைப் போட்டால் ஆண்டு முழுதும் 3 விழுக்காடு பிடித்துக்கொண்டே இருப்பார்கள்; திரும்ப வாங்கத் தனியாக வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நகரத்துக்குள் இருந்துகொண்டு வெளியூர் எண்ணைப் போட்டால் பிடித்தம் குறைந்து, பின்னால் அபராதத்தோடு வரும்.

சொத்து வரியில் புதிதாக வாங்குகிறவருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. கவுன்ட்டியில் வரி மதிப்பு இன்னும் 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துத்தான் நிற்கிறது. வீடு கைமாறியதும், விற்ற விலையைப் பார்த்துப் பள்ளி மாவட்டமோ உள்ளாட்சியோ 'மதிப்பு குறைவாக இருக்கிறது' என்று மேல்முறையீடு செய்யலாம். அப்போது புது மதிப்பு விற்பனை விலைக்குச் சமமாக ஏறாது. ஆண்டுதோறும் அறிவிக்கும் ஒரு விகிதத்தால் பெருக்குவார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஏறக்குறைய பாதி. 2,50,000 டாலருக்கு வாங்கிய வீட்டின் பழைய மதிப்பு 1,00,000 என்று வையுங்கள். மேல்முறையீட்டில் அது சுமார் 1,25,000 ஆகும். கவுன்ட்டி, உள்ளாட்சி, பள்ளி என மூன்று வரியும் சேர்ந்து ஆயிரத்துக்கு 25 டாலர் என்றால் ஆண்டுக்கு 625 டாலர் கூடும். ஆகவே, விற்பனை விளம்பரத்தில் இருக்கும் 'இப்போதைய வரி'யை விட்டுவிட்டு, கேட்கும் விலையில் பாதியை வரி மதிப்பாக வைத்துக் கணக்குப் போடுங்கள். இதே சூத்திரம் மறுபக்கமும் வேலை செய்யும். அதே விலைக்கு வாங்கிய வீட்டின் பழைய மதிப்பு 1,60,000 என்றிருந்தால் குறைக்கச் சொல்லி நீங்களே மேல்முறையீடு செய்யலாம். வாங்கிய பத்திரம்தான் சாட்சி.

குடியேறியதும் சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் விலக்குக்கு மனு போடுங்கள். கவுன்ட்டி வரிக்கான மதிப்பில் ஒரு தொகை கழியும். மார்ச் 1 கெடு. தானாக வராது, முந்தைய உரிமையாளர் பெயரில் இருந்த விலக்கும் உங்களுக்குத் தொடராது.

பத்திரச் செலவிலும் எல்லைக்கோடு குறுக்கே வருகிறது. நகரத்துக்குள் சொத்து மாற்ற வரி விலையில் 5 விழுக்காடு, வெளியே பெரும்பாலும் 2. விற்பவரும் வாங்குபவரும் பாதிப் பாதி கட்டுவது வழக்கம். 2,50,000 டாலர் வீட்டுக்கு உங்கள் பங்கு நகரத்தில் 6,250, வெளியே 2,500. கடன் கொடுக்கும் வங்கியின் முதல் மதிப்பீட்டில் இதைச் சரியான உள்ளாட்சிக்குப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது சரிவு. எல்லா மலை நகரத்திலும் சரிவு உண்டு. இங்கே மண்ணும் மோசம். ஈரமானால் வழுக்கிக் குழையும் சிவப்புக் களிப்பாறை அடுக்குகள் பல மேட்டுக்கு அடியில் ஓடுகின்றன. 2018-இல் 57.83 அங்குல மழை பெய்தது, நகரத்தின் பதிவிலேயே அதிகம். அந்த ஏப்ரலில் ஈஸ்ட் பிட்ஸ்பர்க்கில் 30-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி சரிந்து, கீழே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பையும் இழுத்துக்கொண்டு போனது. சாதாரண வீட்டுக் காப்பீடு மண் நகர்வுக்குப் பணம் தராது. இதைத் தெரியாமல் மேட்டுக் காட்சிக்கு ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

பார்க்க வேண்டியவை: பின்புறத் தாங்குசுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா, நீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா, சரிவில் நிற்கும் மரங்களின் அடிமரம் வளைந்து மேல்நோக்கித் திரும்பியிருக்கிறதா (மண் மெல்ல நகர்கிறது என்பதற்கு அது அடையாளம்), பேஸ்மென்ட் சுவரில் கிடைமட்ட விரிசல் ஓடுகிறதா. செங்குத்தான மெல்லிய விரிசல் பழைய வீட்டில் சாதாரணம். கிடைமட்டமானது மண் சுவரைத் தள்ளுகிறது என்று சொல்கிறது. அங்கே ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரை அழைக்காமல் விலை பேசவே கூடாது. தாங்குசுவரை மாற்றும் செலவு பல்லாயிரக் கணக்கில் போகும். அது உங்கள் நிலத்தில் இருக்கிறதா, பக்கத்து வீட்டு நிலத்தில் இருக்கிறதா என்பதைச் சர்வே இல்லாமல் யாரும் சொல்ல முடியாது.

தரைக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கலாம். அதற்குத் தனிக் காப்பீடு உண்டு. பென்சில்வேனியா மாநிலச் சுற்றுச்சூழல் துறையே தருகிறது. ஆண்டுக்கு நூறு டாலருக்குள் பெரும்பாலான சிறு வீடுகளுக்கு முடிந்துவிடும். முகவரியைப் போட்டால் அடியில் சுரங்கம் இருக்கிறதா என்று காட்டும் வரைபடமும் வைத்திருக்கிறார்கள். சுரங்கம் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சுரங்கத்தால் தரை அமிழ்ந்தால்தான் அது பணம் தரும், மழையால் சரிவு வழுக்கினால் தராது.

நகரத்தில் எண்ணூறு அளவில் பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தெருப் பெயரே உண்டு. வரைபடத்தில் 'பேருந்து நிறுத்தம் நான்கு நிமிட நடை' என்று காட்டினால் அது 150 படிகளாக இருக்கலாம், பனிக்காலத்தில் பூட்டியும் இருக்கலாம். வீட்டு முன் நடைபாதைப் பனியை 24 மணி நேரத்துக்குள் அகற்றுவது அங்கே இருப்பவரின் பொறுப்பு. தெருவிலிருந்து வாசலுக்கு முப்பது படி உள்ள வீட்டில் அந்த முப்பதும் உங்கள் வேலை. (பனியை வாரிச் சுத்தம் செய்த பார்க்கிங் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பிடித்து வைப்பது இங்கே எழுதாத சட்டம். நகர்த்தாதீர்கள்.)

இனி குழாய். வாங்குகிறவர் பணத்தை அதிகம் விழுங்குவது கழிவுநீர்க் குழாய்தான். வீட்டிலிருந்து தெருவின் பிரதானக் குழாய் வரை போகும் கிளைக்குழாய் முழுதும், சாலைக்கு அடியில் இருக்கும் பகுதி உட்பட, வீட்டுக்காரர் பொறுப்பு. நூறாண்டு வீடுகளில் அது சுட்ட மண் குழாய். இரண்டு மூன்று அடிக்கு ஒரு இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் மரவேர் நுழையும், சரிவு நகர்ந்தால் இணைப்பு விலகும். சாதாரண வீட்டு ஆய்வில் இதைப் பார்க்க மாட்டார்கள். தனியாகக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்: 200 முதல் 400 டாலர். மாற்றுவதென்றால் 5,000-இல் தொடங்கி 15,000-ஐயும் தாண்டும், சாலையைத் தோண்ட வேண்டி வந்தால் இன்னும் மேலே. கேமரா பதிவைக் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். 'வேர் இருக்கிறது, சுத்தம் செய்துவிட்டோம்' என்று விற்பவர் சொன்னால் அந்த வேர் அடுத்த ஆண்டே திரும்பி வரும்.

விற்பனையின்போது நகரத்திலும் பல பரோக்களிலும் சாயச் சோதனை கட்டாயம். கூரைநீர்க் குழாயில் சாயத்தை ஊற்றி அது கழிவுநீர்க் குழாயில் தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். தோன்றினால் பிரித்துவிட வேண்டும். பிரித்த பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி. அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டினால் பேஸ்மென்ட் நனையும். குறைந்தது ஆறடி தள்ளிப் போய் விழ வேண்டும், பக்கத்து வீட்டுச் சரிவிலும் விழக்கூடாது.

பேஸ்மென்ட்டின் நடுவில் சுவரோ கதவோ இல்லாமல் ஒற்றைக் கழிப்பறைக் கோப்பை நிற்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 'பிட்ஸ்பர்க் டாய்லெட்' என்று அதற்குப் பெயர், பாதி ஊரில் இருக்கிறது. அது இருக்கும் வீட்டில் பெருமழை அன்று சாக்கடை எதிர்த்து வந்தால் அந்த வழியாகவோ தரை வடிகால் வழியாகவோதான் முதலில் வெளியே வரும், ஏனென்றால் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடுகின்றன. காப்பீட்டில் சாக்கடை எதிர்வரவுக்கான சேர்க்கை தனியாக எடுக்க வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும், புதுப் பெயின்ட் மூன்றடி உயரம் மட்டும் அடித்திருந்தாலும் தண்ணீர் வந்த கதை உண்டு. வீட்டை முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

குடிநீரில் ஈயம் இன்னொரு பழைய பாக்கி. 2014-இல் அரிப்புத் தடுப்பு ரசாயனத்தை மாற்றினார்கள். 2016-இல் ஈய அளவு 15 பிபிபி (நூறு கோடியில் 15 பங்கு) என்ற நடவடிக்கை வரம்பைத் தாண்டி 22-ஐத் தொட்டது. அதன்பின் ஈயக் குழாய்களை ஆயிரக் கணக்கில் மாற்றியிருக்கிறார்கள். 2019 முதல் ஈயம் கரையாமல் தடுக்கும் ஆர்த்தோபாஸ்பேட் சேர்க்கிறார்கள். நகரக் குடிநீர் நிறுவனத்தின் வரைபடத்தில் முகவரி வாரியாகக் குழாய் எந்த உலோகம் என்று பார்க்கலாம். தெற்கே பல பகுதிகளுக்கு நகரத்துக்குள்ளேயே தனியார் நிறுவனம் தண்ணீர் தருகிறது, அதனால் பில் யாருடையது என்று முதலில் கேளுங்கள். 1978-க்கு முந்தைய வீட்டில் பெயின்ட்டிலும் ஈயம் இருக்கலாம். ஏற்றி இறக்கும் பழைய ஜன்னலின் அடித்தடத்தில் சேரும் தூள்தான் குழந்தைக்கு ஆபத்து. உலர்ந்த துணியாலோ விளக்குமாற்றாலோ தட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். கவுன்ட்டி விதிப்படி குழந்தைக்கு ஒரு வயதுக்குள்ளும் இரண்டு வயதிலும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வீட்டின் மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பீங்கான் குமிழில் கட்டிய பழைய மின்கம்பி இருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்துவிடும். முழுதும் மாற்றினால் செலவு ஐந்து இலக்கம். கூரை விளிம்பு மரச்சட்டத்துக்குள்ளேயே பதித்த பெட்டி வடிவ மழைநீர் வாய்க்கால் இருந்தால் ஏணி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தகரம் ஓட்டை விட்டால் மரம் உள்ளுக்குள் அழுகும், கீழிருந்து தெரியாது. ரேடான் (மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு) சோதனையைத் தவறவிட வேண்டாம். கதவு ஜன்னல் மூடிய நிலையில் குறைந்தது 48 மணி நேரம் கீழ்த்தளத்தில் வைக்க வேண்டும். லிட்டருக்கு 4 பிக்கோகியூரி அல்லது அதற்கு மேல் வந்தால் தரைக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடும் குழாயும் விசிறியும் வைக்க ஆயிரம் டாலரும் அதற்குக் கொஞ்சம் மேலும் ஆகும். ஆய்வுக்கு ஒப்பந்தம் தரும் நாட்கள் குறைவு. கையெழுத்தான அன்றே ரேடானையும் கேமராவையும் பதிவு செய்தால்தான் முடிவு கெடுவுக்குள் வரும்.

ஆலைகள் போய்விட்டன என்று பொதுவாகச் சொல்கிறோம், எல்லாம் போகவில்லை. பிராடக்கில் 1875-இல் தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை இன்னும் இரும்பு உருக்குகிறது. மொனோங்கஹேலா ஆற்றின் மேல்போக்கில் கிளேர்டன் கோக் ஆலை ஓடுகிறது. காற்றில்லாத குளிர் இரவுகளில் வெப்பக் காற்று மேலே மூடிபோல் நின்று புகையைப் பள்ளத்தாக்கில் அடைத்துவிடும். விடிகாலையில் அழுகிய முட்டை வாடை வரும். மான் வேலி (மொனோங்கஹேலா பள்ளத்தாக்கு) ஊர்களில் வீடு மிக மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் அந்த மலிவு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மற்ற இடங்களில், அக்டோபர் நவம்பரில் காலை ஆறு மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். ரேடியேட்டர் வைத்த வீட்டில் காற்று வடிகட்டி கிடையாது. 20 அங்குலப் பெட்டி விசிறியின் பின்புறம் 20×20 அங்குல மெர்வ் 13 தர நுண்தூசி வடிகட்டியை ஒட்டி வைத்தால் படுக்கையறைக்குப் போதும்.

கார் இல்லாமல் வாழ முடியுமா என்பது பகுதியைப் பொறுத்தது. பேருந்துக்கு மட்டுமான கிழக்குச் சாலை 1983-இல் திறந்தது. பி1 பேருந்து அதில் ஸ்விஸ்வேல் முதல் டவுன்டவுன் வரை நெரிசல் தெரியாமல் போகிறது. ஸ்விஸ்வேலும் வில்கின்ஸ்பர்க்கும் நகர எல்லைக்கு வெளியே, வாடகையும் குறைவு. தெற்கே சிவப்புத் தட ரயிலில் பீச்வியூவும் டோர்மான்ட்டும். ஸ்குவிரல் ஹில்லில் 61 வரிசைப் பேருந்து பல்கலைக்கழகங்கள் உள்ள ஓக்லாந்துக்கு அடிக்கடி உண்டு, வாடகைதான் ஏறிவிட்டது. பக்கத்திலேயே கிரீன்ஃபீல்ட் கொஞ்சம் இறக்கம். கட்டணம் 2.75 டாலர், அட்டையில் கட்டினால் மூன்று மணி நேரம் மாறி மாறி ஏறலாம். மேட்டுக் குடியிருப்புகளில் பகலில் பேருந்து இருக்கும், இரவு ஒன்பதுக்குமேலும் ஞாயிறன்றும் இருக்காது. அந்த நேர அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 1976-இல் பென் ஹில்ஸில் எழுந்த வெங்கடேசுவரர் கோயிலும் மன்ரோவில் என்ற ஊரின் இந்திய மளிகைக் கடைகளும் கிழக்கே. அங்கே குடியேறினால் புளியோதரை பக்கத்தில், கார் கட்டாயம்.

வாடகைக்கு வருகிறவர்கள் அறிய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் பணம் அதில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களைச் சுற்றி ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் 1-இல் மாறும். டிசம்பர், ஜனவரியில் காலியாக இருக்கும் வீட்டுக்குப் பேரம் பேசலாம். முதல் ஆண்டில் அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்குமேல் கேட்கக்கூடாது. இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் ஒரு மாதத்துக்கு மேற்பட்டதைத் திருப்ப வேண்டும். காலி செய்யும்போது புது முகவரியை எழுத்தில் கொடுங்கள். கொடுத்தால்தான் 30 நாளில் பிடித்தப் பட்டியலோடு மீதியைத் தரவில்லை என்றால் இரட்டிப்பாகக் கேட்கும் உரிமை கிடைக்கும். 12,000 டாலர் வரை வக்கீல் இல்லாமல் மாவட்ட நீதிபதியிடம் நீங்களே வழக்குப் போடலாம்.

ஒற்றை வீட்டை இரண்டு மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்ட இடங்களில் மீட்டரைப் பாருங்கள். உங்கள் பெயரிலுள்ள மீட்டரில் மாடிப்படி விளக்கோ மேல்வீட்டு ஹீட்டரோ ஓடினால், சட்டப்படி அந்தக் கணக்கு வீட்டுக்காரர் பெயருக்கு மாற வேண்டும். சோதிப்பது எளிது: உங்கள் பிரேக்கர்களை எல்லாம் அணைத்துவிட்டு, மாடிப்படி விளக்கோ மேல்வீட்டு ஹீட்டரோ கூடவே நிற்கிறதா, மீட்டர் இன்னும் நகர்கிறதா என்று பாருங்கள். ஹீட்டிங் வாடகையில் சேராவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாத கேஸ் உபயோகத்தைக் கேளுங்கள். பழைய செங்கல் வீட்டில் ஜனவரி பில் 200 டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆண்டு முழுதும் சமமாகக் கட்டும் திட்டத்தில் சேர்ந்தால் குளிர்காலத்தில் மூச்சுத் திணறாது. மின்சாரத்தையும் கேஸையும் வேறு நிறுவனத்திடம் வாங்கும் வசதி இந்த மாநிலத்தில் உண்டு. அதைச் சொல்லி வாசலுக்கு வந்து பில்லைக் காட்டச் சொல்பவரிடம் காட்டாதீர்கள்; கணக்கு எண் கிடைத்தாலே உங்களை மாற்றிவிட முடியும். முதல் சில மாதம் குறைந்த விலை, பிறகு மாறும் விலை என்பதுதான் வழக்கமான கண்ணி. மாற விரும்பினால் மாநில அரசின் ஒப்பீட்டு இணையதளத்தில் நிலையான விலை, முன்கூட்டி விலகினால் கட்டணமில்லை என்ற இரண்டையும் தேர்ந்து, ஒப்பந்தம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.